வலுவிழந்தது என்றால் என்ன அர்த்தம்?

2024 ஜூன் 13, வியாழக்கிழமை. மாலை ஆறரை மணிக்கு ஆபீஸ் பஸ் அத்திப்பள்ளி செக்போஸ்ட் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு அலர்ட் வந்தது. அது நானே எனக்கு அனுப்பிக்கொள்ளும் அலர்ட். அமெரிக்காவின் நோவா அமைப்பு (பெருங்கடல், வளிமண்டலத்துக்கான அந்நாட்டு அரசுத்துறை) மாதம் ஒருமுறை எல் நினோ நிலவர அறிக்கை வெளியிடும். அதன் முதல் வரி மாறினால் எனக்குச் செய்தி வரும்படி ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். அன்று முதல் வரி மாறியிருந்தது. 2023 ஜூனில் அவர்கள் அறிவித்த எல் நினோ முடிந்துவிட்டது. பஸ் ஓசூருக்குள் நுழைவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஊத்தங்கரையிலிருந்து மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. நாலு ஏக்கர் நிலம், கொஞ்சம் மாமரம், ஒரு பண்ணைக் குட்டை.

"அது முடிஞ்சிட்டா நமக்கு என்னா மாப்ள? மழ வருமா, வராதா?"

"தென்மேற்கு நல்லா இருக்கும் மாமா. ஐப்பசி, கார்த்திகைதான் இடிக்கும். அடுத்து லா நினா வருதாம். 2016 மாதிரி ஆனாலும் ஆயிடும், தண்ணிய பாத்து வச்சுக்கங்க."

இந்த உரையாடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவில் நான் குறை சொல்லப்போகிறவர்களின் வரிசையில் முதல் ஆள் நான்தான். நான் வானிலை நிபுணர் இல்லை. படித்தது பி.ஈ., வேலை சாஃப்ட்வேர். ஆனால் இதில் நடந்த தவறு வானிலை அறிவியலின் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. பல கருவிகள் அளந்ததை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கி அனுப்பிய தவறு. அது எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான் என்பதால் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் அளப்பவர்கள் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். பசிபிக்கின் நடுவில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை, தெற்கே 5 பாகை, மேற்குத் தீர்க்கம் 170 முதல் 120 வரை ஒரு நீளமான செவ்வகம். அதன் பெயர் நினோ 3.4. அங்கே கடல் மேற்பரப்பு வழக்கத்தைவிட எவ்வளவு சூடு என்பதுதான் எல்லாரும் சொல்லும் அந்த எண். மூன்று மாத சராசரி 0.5 டிகிரிக்கு மேல் போய் நிலைத்தால் எல் நினோ, மைனஸ் 0.5-க்குக் கீழே போனால் லா நினா. 2023 கடைசியில் இது 2 டிகிரி வரை போனது.

ஆனால் அந்த எண் கடைசியாகத் தெரியும் விஷயம். எல் நினோ தளர்வது மேலே தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே கீழே தெரியும். 2024 ஏப்ரலில் மேற்பரப்பு இன்னும் ஏறக்குறைய 1 டிகிரி சூடாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நூறு, இருநூறு மீட்டர் கீழே குளிர்ந்த நீர் அதற்கு முன்பே பரவ ஆரம்பித்துவிட்டது. இதைச் சொல்வது பசிபிக்கில் நங்கூரமிட்டு மிதக்கும் அளவீட்டு மிதவைகள். 1982-83 எல் நினோ பெரியதாக வளரும்வரை உலகம் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. எல் சிச்சோன் எரிமலைச் சாம்பல் செயற்கைக்கோள் அளவுகளைக் கெடுத்திருந்தது, கடலுக்குள் கருவியும் இல்லை. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் மிதவை வரிசை ஒன்றைக் கட்ட ஆரம்பித்து 1994-இல் முடித்தார்கள். பிறகு பராமரிப்புக்குப் பணமும் கப்பலும் குறைந்து, 2012-14 வாக்கில் வந்து சேரும் தரவு பாதிக்கும் கீழே போய்விட்டது. எந்த சர்வர் ரூமிலும் நடக்கிற கதைதான். மானிட்டரிங் சிஸ்டம் நன்றாக வேலை செய்தால் அதற்கு அடுத்த வருஷம் பட்ஜெட் வெட்டு.

கடல் பாதிதான். மீதிப் பாதி காற்று. கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று பழைய பலத்துக்குத் திரும்பியதா, தஹிதிக்கும் டார்வினுக்கும் இடையில் காற்றழுத்த வேறுபாடு என்ன, சர்வதேச தேதிக்கோட்டுப் பக்கம் மேகத்திரள் கூடியிருக்கிறதா, இந்தோனேசியாவுக்கு நகர்ந்துவிட்டதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். கடலும் காற்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் அது எல் நினோ. பிடி விட்டுவிட்டதா என்பதுதான் மாதாமாதம் கேட்கப்படும் கேள்வி.

இந்த அழுத்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். 1899-இல் பருவமழை பொய்த்து வந்த பஞ்சத்தின் நிழலில் வேலைக்கு வந்தவர். இந்தியாவில் மழை வருமா வராதா என்ற கேள்விக்காக உலகம் முழுக்க இருந்து எண்களைச் சேர்த்து, இந்திய எழுத்தர்களை வைத்துக் கையால் கணக்குப் போட வைத்தவர். மாமா கேட்ட அதே கேள்விதான். நூறு வருஷத்தில் எண்கள் துல்லியமாகிவிட்டன. கேள்வி எங்கோ வழியில் தொலைந்துவிட்டது.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். நோவாவின் மாதாந்திர அறிக்கை உண்மையில் நல்ல எழுத்து. சுருக்கமானது. கடல் மேற்பரப்பு, ஆழம், காற்று, மேகம், மாடல்கள் என்று ஒழுங்காகப் போகும். எதையும் அறுதியிட்டுச் சொல்லாமல் சதவீதம் கொடுக்கும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. போன மாதம் என்ன சொன்னோம் என்பதை இந்த மாதத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதில்லை. பழையவை காப்பகத்தில் திறந்தே கிடக்கின்றன, எடுத்து அடுக்கிப் பார்க்கலாம். நான் அடுக்கினேன். 2024 ஏப்ரல்: ஜூன்-ஆகஸ்டில் லா நினா வர 60 சதவீதம். ஜூன்: ஜூலை-செப்டம்பரில் 65. செப்டம்பர்: செப்டம்பர்-நவம்பரில் 71. நவம்பர்: அக்டோபர்-டிசம்பரில் 57. கடைசியில் லா நினா வந்துவிட்டது என்று அறிவித்தது 2025 ஜனவரி 9. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நேர்மையான மதிப்பீடு. வரிசையாகப் பார்த்தால், அடுத்த ஸ்பிரின்டில் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போகும் எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்.

இதில் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மார்ச் முதல் மே வரையிலான மாதங்களைத் தாண்டி எல் நினோவை முன்கணிப்பது கடினம் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த தடை. ஒரு நிலை கலைந்து இன்னொன்று உருவாகாத இடைக்காலத்தில் கணிப்பு மிகவும் பலவீனமாக இருக்கும். நாம் மிகவும் ஆவலாகக் கேட்கும் காலமும் அதுதான், ஏனென்றால் ஜூனில் பருவமழை.

இன்னொன்று. ஆஸ்திரேலிய வானிலை மையம் இதே எல் நினோ முடிந்ததாக 2024 ஏப்ரல் 16-லேயே சொல்லிவிட்டது. நோவாவுக்கும் அதற்கும் இரண்டு மாத வித்தியாசம். கடல் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் வாசல் 0.8 டிகிரி, அமெரிக்காவின் வாசல் 0.5. எல் நினோ ஆரம்பித்ததைச் சொல்வதிலும் ஆஸ்திரேலியா மூன்று மாதத்துக்கு மேல் தாமதம், 2023 செப்டம்பர் 19. கான்ஃபிக் ஃபைலில் ஒரு எண் வேறு, அவ்வளவுதான். "முடிந்தது" என்பது கடலில் நடந்த சம்பவம் இல்லை, ஒரு அலுவலகம் போட்ட கோடு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஃபார்வர்டு செய்தேன்.

இனி நம் பக்கம். இந்த அறிக்கை தமிழ்ச் செய்தியாகும்போது முதலில் உதிர்வது சதவீதம். 65 சதவீத வாய்ப்பு, 'வருகிறது' என்று ஆகிவிடும். அடுத்து உதிர்வது பருவம். எல் நினோ ஓய்ந்தால் நல்ல மழை என்பது அகில இந்தியத் தென்மேற்குப் பருவமழையைப் பற்றிய பேச்சு. அந்த அளவில் அது 2024-இல் சரியாகவே வந்தது. இந்திய வானிலை ஆய்வு மையம் ஏப்ரலில் 106 சதவீதம் என்றது, வந்தது 108. பாராட்ட வேண்டிய கணிப்பு. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழையில் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். எல் நினோ இருந்தால் நமக்குக் கூடுதலாகப் பெய்யும் சாய்வு உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது பெரிய எல் நினோ ஆண்டில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், இரண்டு வாரம் கழித்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழையும் எல் நினோ உச்சத்தில் நடந்தவை. அதே எல் நினோவின் ஆகஸ்டில் இந்தியா 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டைப் பார்த்தது. அகில இந்தியாவுக்குக் கெட்ட செய்தி சென்னைக்கு வெள்ளம். இதைச் சொல்லாமல் எல் நினோ பலவீனமடைகிறது என்று மட்டும் போட்டால், வாசிக்கிறவர் எந்த மழையை நினைத்துக்கொள்வார்?

எங்கள் மாவட்டத்துக்கு இது இன்னும் சிக்கல். கிருஷ்ணகிரி இரண்டு மழையையும் வாங்கும், அதில் தென்மேற்கின் பங்கே அதிகம். தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலையில். பெங்களூருவின் கிழக்குப் பக்கம் பெய்வதும் பெங்களூரு விடும் கழிவும் சேர்ந்துதான் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அதே ஆறு கீழே போகப்போக வடகிழக்கு மழையை நம்புகிற ஊர்களுக்குள் நுழைகிறது. ஓசூர் சிப்காட்டில் தண்ணீர் லாரிக்குச் சொல்லி வைத்திருப்பவரும் ஊத்தங்கரையில் மானாவாரி விதைப்பவரும் ஒரே மாவட்டம், ஆனால் பசிபிக் பற்றிய ஒரே செய்தி இருவருக்கும் ஒரே பொருள் தராது.

'தளர்கிறது' என்றால் நிம்மதி என்ற எண்ணத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. 2024 மார்ச்சில் எல் நினோ நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பெங்களூரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. நகரின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றியதாக அந்த மாநில அரசே சொன்னது. ஏப்ரல், மே வெயிலில் மாமா தோட்டத்தில் மாங்காய் பிஞ்சிலேயே உதிர்ந்தது. போன வருஷத்து மழைக்குறைவு நிலத்தடியில் வந்து சேர இவ்வளவு நாள் ஆகிறது. அது போக, பசிபிக் ஆறும்போது இந்தியப் பெருங்கடல் சூடாகிறது. ஷாங்-பிங் ஷீயும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2009-இல் இதற்கு வைத்த பெயர் 'கெப்பாசிட்டர் விளைவு'. எலக்ட்ரிகல் படித்த யாருக்கும் சட்டென்று புரியும். பசிபிக் பேட்டரி இந்தியப் பெருங்கடல் கெப்பாசிட்டரை சார்ஜ் செய்துவிட்டு அணைந்துவிடுகிறது. கெப்பாசிட்டர் அதற்கப்புறம் பல மாதம் மெதுவாக டிஸ்சார்ஜ் ஆகிறது. என் டேஷ்போர்டில் விளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறிய அதே வாரங்களில் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு.

ஆக, மாமாவிடம் நான் சொன்னதில் என்ன தவறு? பத்திரிகைகள் செய்த தவறை நான் செய்யவில்லை என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. பருவத்தைப் பிரித்துச் சொன்னேன் அல்லவா, தென்மேற்கு நன்றாக இருக்கும், வடகிழக்கு குறையும் என்று. படித்தவன் செய்யும் தவறு அது. சாய்வை விதியாக்கியது. என் கையில் இருந்த உதாரணம் 2016. பெரிய எல் நினோ ஓய்ந்து, லேசான லா நினா வந்து, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்ட ஆண்டு. மனதில் ஆழமாகப் பதிந்த ஆண்டு. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிலையும் நமக்கு எதிராக வலுவாக இருந்தது என்பதை வசதியாக விட்டுவிட்டேன். 2021 லா நினா ஆண்டுதான், அந்த நவம்பரில் தமிழ்நாடு நனைந்து நாறிப்போனதையும் விட்டுவிட்டேன். ஒரே ஒரு டேட்டா பாயின்ட்டை வைத்து ஜூனியர் பையன் யாராவது முடிவு சொன்னால் மீட்டிங்கில் கிழித்துத் தொங்கவிடுவேன்.

மாமா அந்த வருஷம் பண்ணைக் குட்டைக்குக் கரை உயர்த்தி, உள்பக்கம் கல் பதித்து, உபரி நீர் போகும் வழியை அகலப்படுத்துவதாக இருந்தார். மழை குறையும் என்று சொன்னதால் அதைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் போர் போட்டார்.

நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் புயல் வலுவிழந்துவிட்டது என்று செய்தி. இந்தச் சொல்லைத்தான் நான் கேட்க வேண்டியிருக்கிறது. வானிலைத் துறையின் மொழியில் புயல் வலுவிழப்பது என்றால் காற்றின் வேகம் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கி, அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற வகைக்கு மாறியது என்று பொருள். மழையைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. கேட்கிற எல்லாருக்கும் அது 'ஆபத்து நீங்கியது'. கேமராக்கள் புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் இருந்தன. வலுவிழந்த அமைப்பு மணிக்கணக்கில் நகராமல் நின்று, பிறகு மெதுவாக உள்ளே வந்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவானது 50 செ.மீ. கடலிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் உள்ளே. வருஷம் முழுக்க 80, 85 செ.மீ. பெய்யும் மாவட்டத்தில். ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வேன்களை ரோட்டோடு இழுத்துக்கொண்டு போன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று.

கடலில் எல் நினோ வலுவிழந்தது என்றதும் நான் அடுத்த கட்டத்துக்குத் தாவினேன். வங்கக் கடலில் புயல் வலுவிழந்தது என்றதும் மாவட்டமே தூங்கப்போனது. இரண்டு இடத்திலும் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஒரு அளவுகோலில் ஒரு கோட்டைத் தாண்டியதைச் சொன்னார்கள். தாண்டிய பிறகு அந்தச் சூடும் ஈரமும் எங்கே போகும் என்பது வேறு வாக்கியம், அது எழுதப்படவில்லை. புயலுக்கு 'காற்று குறைந்தது, மழை குறையவில்லை' என்று இரண்டு துண்டாகச் சொல்வதற்குத் தமிழில் என்ன கஷ்டம்? எல் நினோவுக்கும் அப்படித்தான். 'பசிபிக் ஆறிவருகிறது, இந்தியப் பெருங்கடல் இன்னும் சூடு, தென்மேற்குக்குச் சாதகம், வடகிழக்குக்கு இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது.' ஒரே வரி. தலைப்பாகப் போட முடியாது என்று நண்பர் ஒருவர் சொன்னார், அவர் பத்திரிகையில் இருப்பவர். முடியாதுதான். அப்படியென்றால் தலைப்பில் பசிபிக்கே வர வேண்டாம்.

அந்த டிசம்பர் 1 இரவு மாமாவின் குட்டைக் கரை உடைந்தது. மேல்மண் ஒரு ஏக்கருக்கு வாரிக்கொண்டு போய்விட்டது. மோட்டார் ரூம் சாய்ந்து, புது போர் வாயில் சேறு அடைத்துக்கொண்டது. ஆளுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக மழை. ஜனவரி 9 அன்று லா நினா அறிவிப்பு வந்ததும் ஸ்கிரிப்ட் வழக்கம்போல அலர்ட் அனுப்பியது. அதைக் குழுவில் போடவில்லை, மாமாவுக்குப் போன் செய்தேன். ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"இப்பதான் வந்துச்சா அது?" என்றார். "செரி, பொங்கலுக்கு வந்துடு. அக்காவையும் கூட்டிக்கினு வா."

நேரில் போனபோது கரையில் மண் மூட்டை அடுக்கி வைத்திருந்தார். நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை.

அதன் பிறகு டேஷ்போர்டைப் பிரித்து எழுதினேன். நடுவில் இருந்த பெரிய விளக்கை எடுத்துவிட்டேன். இப்போது மேற்பரப்பு, ஆழம், வணிகக் காற்று, அழுத்த வேறுபாடு, மேகம் எல்லாம் தனித்தனி வரி. இந்தியப் பெருங்கடலுக்குத் தனியாக இரண்டு வரி, அதற்கான தரவு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு கணிப்புக்கும் பக்கத்தில் போன மூன்று மாதம் அதே கேள்விக்குச் சொன்ன சதவீதம். வெப்பமண்டலக் கடல்கள் எல்லாமே சூடாகிவிட்டதால் நினோ 3.4-ஐ மட்டும் பழைய சராசரியோடு ஒப்பிட்டால் லா நினா குறைவாகத் தெரிகிறது, மற்ற கடல்களோடும் ஒப்பிட வேண்டும் என்று ஒரு வாதம் இருக்கிறது. அந்தத் திருத்திய எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன். 2024 கடைசியில் இரண்டும் எவ்வளவு விலகின என்பது தனிப் பதிவாக வரும்.

கடைசி வரி மட்டும் கையால் நிரப்புவது. மாமாவுக்கு ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு போட்டோ அனுப்புவார். கண்ணாடி போடாமல் எடுப்பதால் பாதி நாள் கோடு தெரியாது, திருப்பிக் கேட்க வேண்டும். நேற்று 11 மி.மீ.